வில்லும் விதியும்: மாத்தளை வேட்டுவரும் மான்வேட்டைச் சட்டங்களும்

மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அலுவிகாரையைப் பற்றியும் நாலந்தா கெடிகேயைப் பற்றியும் கோப்பித் தோட்டங்களைப் பற்றியும் 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். ஆயின் அம்மாவட்டத்துக் காடுகளில் வில்லேந்தி மானும் மரையும் வேட்டையாடி வாழ்ந்த மக்களுக்கு அந்நூல்களில் கிடைத்த இடம் மிகச் சிறிது. மான் எவர்க்கு உரியது, அதனை எக்காலத்தில் எக்கருவி கொண்டு கொல்லலாம் என்னும் வினாக்களுக்கு அரசு விடை கூறத் தொடங்கிய பின்னர் அம்மக்களுக்கு நேர்ந்தது யாது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும். வேட்டைப் பருவம் பற்றிய விதிகள் மாற்றப்பட்ட ஒவ்வொரு முறையும் வில்வேட்டுவரின் கவலை ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும். அதனைக் கேட்டறியும் வழக்கந்தான் இருக்கவில்லை.

கண்டி அரசுக்காலத்து மாத்தளையின் எல்லைகளைக் கூறும் சிங்கள ஏடாகிய மாத்தளைக் கடயிம்பொத இத்துறையில் முதன்மையான சான்றாகும். எல்லைநூல் என்பதே கடயிம்பொத என்னுஞ் சொல்லின் பொருள். எந்தெந்த ஊரில் எவர் இருந்தனர் என்று அது கூறிச் செல்லுமிடத்துப் பலாபத்வலையில் மகாதம்பல வெத்தா, தொம்பவலையில் தொம்ப வெத்தா, நாலந்தையில் இமியா வெத்தா என வேட்டுவத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வெத்தா என்பது வேடனைக் குறிக்கும் சிங்களச் சொல். பலாபத்வலையும் நாலந்தையும் கண்டியிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் இன்று எவரும் கடந்து செல்லும் ஊர்கள். வேடர் என்றவுடன் கிழக்கே விந்தனைக் காட்டையே நினைக்கும் பழக்கம் நமக்குண்டு. கதிர்காமத்து வள்ளியின் கதை அப்பழக்கத்தைத் தெற்கு நோக்கியும் சிறிது விரித்திருக்கலாம். மாத்தளையை எவரும் நினைப்பதில்லை. கடயிம்பொத கூறுவதை நோக்குமிடத்து, அங்கு வேட்டுவர் ஒளிந்து திரிந்தவரல்லர் என்பதும், ஊர்ப்பெயரோடு சேர்த்து எண்ணப்பட்ட உரிமையாளராயிருந்தனர் என்பதும் தெளிவாகின்றன.

1660 இல் சிறைப்பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றிக் கூறுவன நன்கறியப்பட்டவை. அம்புமுனை வேண்டுவோர் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து கொடுப்பின் மீண்டும் இறைச்சி வரும். இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் அடைத்து வைக்கும் முறையையும் அவர் விவரிக்கின்றார். இவற்றினும் வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்கது பிறிதொரு செய்தி. அரசனின் அதிகாரிகள் பணிவாகக் கேட்குமிடத்து யானைத்தந்தம், தேன், மெழுகு, மானிறைச்சி ஆகியவற்றை வேடர் கொடுத்தனர் என்பதே அது. அரசுக்கும் வேட்டுவனுக்கும் இடையிலிருந்த உறவு திறையுறவு. வேட்டையின் பயனில் ஒரு பங்கை அரசு பெற்றது. வேட்டையின் காலத்தை அது வகுத்ததாக நொக்ஸ் எங்கும் கூறவில்லை.

காலவரையறை வேட்டுவரிடத்தில் இல்லாமலிருந்ததா? 1908 இல் வேடர் குடியிருப்புகளுக்குச் சென்று ஆராய்ந்து 1911 இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியரின் குறிப்புகளும், அவர்க்கு முற்பட்ட சில எழுத்துகளும் இதற்கு விடை தருகின்றன. மழைக்காலத்தில் மலைச்சாரற் குகைகளுக்கு ஏறுவதும், கோடையில் நீர்நிலைகளை அண்டி விலங்குகள் கூடும் தாழ்நிலங்களுக்கு இறங்குவதும் வேடர் வாழ்வின் ஆண்டுச் சுழற்சி. ஒவ்வொரு குழுவுக்கும் வேட்டைநிலம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஓடையோ குன்றோ எல்லையாக அமையாத இடங்களில் வில்வளைத்து நிற்கும் மனிதனின் உருவை மரத்திற் செதுக்கி எல்லை காட்டினர் என்று செலிக்மன் தம்பதியர் எழுதுகின்றனர். முன்னோருள் சிறந்த வேட்டுவனாகிய கந்தே யக்காவை வேண்டித் தேங்காய்ப்பால் வைத்து ஆடிய பின்னரே வேட்டை சிறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கருவியின் இயல்பும் ஒரு வரம்பாயிற்று. ஆள் உயரத்தையும் மிஞ்சும் வில்லும் அகன்ற இரும்பு முனையும் உடையவராயினும், தொலைவிலிருந்து குறிபார்த்தெய்வதில் வேடர் பெரிதும் வல்லவரல்லர். சருகு ஓசைபடாது விலங்கின் அருகே செல்வதிலேயே அவர்தம் திறன் அடங்கியிருந்தது. ஒரு நாளில் ஒரு மரை கிடைப்பின் அது பெரும்பேறு.

இதனைக் கொண்டு வேடர் காட்டின் காவலர் என்று புகழ்பாடுதல் வரலாறாகாது. அம்பு எட்டும் தொலைவும் குழுவின் சிறுமையுமே மான்கூட்டங்களைக் காத்தன. அறக்கோட்பாடு ஒன்று இருந்ததெனக் காட்டச் சான்றில்லை. எனினும் காட்டில் வரம்பே இல்லையென்றும், வரம்பைக் கொண்டுவந்தது சட்டமே என்றும் கூறுவது அதனினும் பெரிய பிழையாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் முதலில் மாறியது நிலத்தின் உரிமை. 1840 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியேறப்படாத நிலமும் மறுதலையாக எண்பிக்கப்படும்வரை முடிக்குரியன என்று கொண்டது. கோப்பிப் பயிர் மாத்தளை மலைச்சரிவுகளை விழுங்கிய காலம் அது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கடந்த காடும் இக்காடே. மரத்தில் செதுக்கிய வில்மனிதனை எல்லைச் சான்றாக ஏற்கும் நீதிமன்றம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்து மாறியது கருவியின் நிலை. தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு 1848 இல் விதித்த வரிகளுள் துப்பாக்கிக்கான ஆண்டு அனுமதிப்பத்திரக் கட்டணம் இரண்டு ஷிலிங் ஆறு பென்சு. நாய்க்கும் வரி, வீதிக்கு உடலுழைப்பு. சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்தும் மானிடமிருந்தும் காக்கத் துவக்கும் நாயும் இன்றியமையாதன என்பதை அறிந்தவர்க்கு, இவ்வரிகள் ஏன் மாத்தளையைக் கொதிக்கச் செய்தன என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஜூலை 28 ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஆகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுடப்பட்டான். இக்கிளர்ச்சியை ஆராய்ந்தோர் வீதிவரிக்கும் காணிப்பறிப்புக்கும் கொடுத்த அழுத்தத்தைத் துப்பாக்கி வரிக்குக் கொடுத்ததில்லை என்பது என் கருத்து. அடங்கிய பின்னர் அவ்வரிகளுட் பல கைவிடப்பட்டன, வீதிவரி எஞ்சிற்று. வில்லுக்கு அன்று வரியில்லை. வில் வருவாய்க்குரிய பொருளாக அரசின் கண்ணுக்குத் தோன்றவில்லை. பின்னர் அது தோன்றியது குற்றத்திற்குரிய பொருளாகவே.

இடையில் நிகழ்ந்த அழிவு பெரிது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்ற மேஜர் ரொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களைக் கொண்டு மரையைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்ற அனுபவங்களை 1854 இல் நூலாக்கினார். மரையை அவர்கள் 'எல்க்' என்றே அழைத்தனர். தம் நாட்டு நினைவில் விலங்குக்குப் பெயரிட்டவர்கள் தம் நாட்டு வழக்கில் அதற்குச் சட்டமும் இயற்றியதில் வியப்பில்லை. இவர்களோடு தோலும் கொம்பும் ஏற்றுமதி செய்த வணிகமும் சேர்ந்தது. அவ்வணிகத்துக்கு மான் சுட்டவர்களுள் ஊர்மக்களும் இருந்தனர் என்பதை மறைத்தல் ஆகாது.

1891 ஆம் ஆண்டு வேட்டைவிலங்குச் சட்டமும், 1894 இல் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளுமாகிய வேட்டைப் பிரியர் கூடி அமைத்த இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும், 1909 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இப்பின்னணியில் எழுந்தவை. காத்தவரும் கொன்றவரும் ஒருவரே. யால காட்டின் ஒரு பகுதி, இலங்கையில் வதியும் வேட்டை விளையாட்டாளர்க்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொண்டால் இக்கூற்று மிகையாகாது. அனுமதிப்பத்திரம், மூடிய பருவம், திறந்த பருவம் என்னும் மூன்றும் இவர்கள் வழியாக வந்த கருத்துகள். பணம் செலுத்தி, குறித்த மாதங்களில், குறித்த முறையில் கொல்பவன் விளையாட்டாளன்; ஏனையோன் களவாக வேட்டையாடுபவன்.

மூடிய பருவம் என்பதன் அடிப்படையைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். குளிர்நாடுகளில் மான்கள் இலையுதிர்காலத்திற் கூடி முதுவேனிலின் தொடக்கத்தில் ஈனும். ஆதலின் அங்கு ஈனும் பருவத்தையும் குட்டி வளரும் பருவத்தையும் மூடுதல் இயற்கையோடு இயைந்தது. நமது புள்ளிமானோ சில மாதங்களில் மிகுதியாக ஈனினும், ஆண்டின் எம்மாதத்திலும் குட்டியோடு காணப்படுவது. கொம்பு முற்றிய கலையையும் கொம்பு உதிர்ந்த கலையையும் ஒரே கூட்டத்திற் காணலாம். ஆகவே இங்கு வகுக்கப்படும் பருவம் எதுவாயினும் அதில் இயற்கையின் பங்கு குறைவு. வகுப்பவரின் வசதியின் பங்கு மிகுதி. சம்பளம் பெறும் ஒருவர்க்கு மூடிய பருவம் என்பது துப்பாக்கிக்கு எண்ணெய் பூசி வைக்கும் காலம். நீர்நிலையருகே கோடையில் மட்டும் விலங்கை எளிதில் அணுகக்கூடிய வில்வேட்டுவனுக்கு, அக்கோடை மூடப்படின் அவ்வாண்டே மூடப்பட்டதாகும். விதிமாற்றம் பற்றிய அவனது கவலை இதுவே. விளையாட்டுப் பற்றியதன்று, உலைப்பானை பற்றியது.

வில்வேட்டுவர்க்குத் தனிப்பருவம் வகுத்தல் இயலாத காரியமன்று. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 1934 இல் வில்லுக்கென மான்வேட்டைப் பருவமொன்றைத் திறந்தது. அம்பினால் விழும் மான்கள் சிலவே என்பது அங்கு ஏற்கப்பட்ட நியாயம். ஆயின் அங்கு வில்லேந்தியவர் பொழுதுபோக்குக்காக ஏந்தியவர். வாக்குரிமையும் சங்கமும் உடையவர். விதி மாறுமுன் கூட்டத்தில் எழுந்து பேசக்கூடியவர். மூன்றாண்டுகள் கழித்து இலங்கையில் இயற்றப்பட்ட 1937 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்க விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், வில்லைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அத்தகைய பருவம் எதனையும் வகுக்கவில்லை. கடுமையான இயற்கை ஒதுக்ககம், தேசிய வனம், இடைவலயம் எனக் காட்டை அது பகுத்தது. முதலாவதனுள் எவரும் புகலாகாது. இரண்டாவதனைக் கண்டு களிக்கலாம். மூன்றாவதனுள் அனுமதிப்பத்திரம் பெற்றவர் வேட்டையாடலாம். அனுமதிப்பத்திரம் பெறக் கச்சேரிக்குச் செல்லவேண்டும், எழுதவேண்டும், பணம் கட்டவேண்டும். தேனும் மெழுகும் இறைச்சியும் கொடுத்து அரசோடு உறவு கொண்ட மக்களுக்கு இவற்றுள் எது கைகூடும்?

மாத்தளையின் மேற்குப் பகுதியில் வேட்டுவர் இதற்கு முன்னரே சிங்களக் குடியானவரோடு கலந்துவிட்டனர். அவர்களது வில் சட்டத்தினால் மட்டும் ஒடிக்கப்பட்டதன்று. சேனையும் வயலும் துவக்கும் அதனைப் பெரும்பாலும் கைவிடச் செய்திருந்தன. கிழக்கே லக்கலைக்கு அப்பால் அம்பன் கங்கைக்கும் மகாவலிக்கும் இடைப்பட்ட காட்டிலேயே பழைய நிலத்தின் தோற்றம் எஞ்சியது. மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டம் சூழ்ந்த காடுகளை வயலாக்கிய வேளையில், இடம்பெயரும் விலங்குகளுக்குப் புகலிடமாக 1984 ஆகஸ்ட் 7 ஆம் நாள் வஸ்கமுவ தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டது. மகாவலியின் மறுகரையில் மாதுறு ஓயா தேசிய வனம் அதற்கு முன்னைய ஆண்டு நவம்பர் 9 ஆம் நாளிலேயே பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. அணைக்கட்டால் இடமிழந்த யானைக்கும் மானுக்கும் நிலம் தேடிய அத்திட்டம், அந்நிலத்தில் இருந்த வேடர் குடும்பங்களை ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பியது. வயலும் வீடும் கொடுக்கப்பட்டன. ஊருவரிகே திசாகாமியும் அவரைச் சார்ந்த சிலரும் தம்பானையை விட்டகல மறுத்தனர்.

வன்னியலெத்தோ, அதாவது காட்டின் மக்கள் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள் பிற்காலத்தில் முன்வைத்த கோரிக்கைகளை வாசிப்போர் ஒன்றைக் காண்பர். மானைக் கணக்கின்றிக் கொல்லும் உரிமையை அவர்கள் கேட்கவில்லை. தந்தையர் வேட்டையாடிய நிலத்துட் புகுந்தமைக்காகக் கைதுசெய்யப்படாதிருத்தலையும், அந்நிலத்தைப் பற்றிய முடிவுகளில் தம் சொல்லும் கேட்கப்படுதலையுமே கேட்டனர். 1996 இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன்னரும் அவர்களின் குரல் ஒலித்தது.

மறுபுறமும் ஒரு நியாயம் உண்டு. உள்ளூர்க் கொல்லன் செய்த துவக்கும், பாதையிற் கட்டிவைக்கும் பொறித்துவக்கும், சுருக்குக் கம்பியும், சந்தையில் இறைச்சிக்குக் கிடைக்கும் விலையும் உள்ள நாட்டில், வில்லுக்கென ஒரு வாயிலைத் திறந்தால் அதன் வழியே துவக்கும் நுழையும் என்று வனவிலங்கு அதிகாரிகள் அஞ்சுவது வீண் அச்சமன்று. வேடர் பெயரால் இறைச்சி வணிகம் செய்யப் பிறர் முன்வருவர் என்பதும் உண்மை. ஆயின் அவ்வச்சத்தின் விலையை முழுவதும் செலுத்தியவர், மான்கூட்டங்கள் குறைவதற்கு மிகக் குறைந்த பங்களித்தவரே. திசாகாமி 1998 இல் தம்பானையிலேயே மறைந்தார்.