சுமட்ரிப்டான்
ஒற்றைத் தலைவலி தாக்கும்போது அதைத் தணிக்க மருத்துவர் சீட்டின்பேரில் தரப்படும் மருந்து. டிரிப்டான் வகையில் முதலாவது. பிரிட்டனின் கிளாக்ஸோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரி தலைமையிலான குழு உருவாக்கியது. 1991இல் நெதர்லாந்திலும் 1992இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. மாத்திரை, மூக்குத்தெளிப்பு, தோலடி ஊசி ஆகிய வடிவங்களில் கிடைக்கிறது.

மூளையுறையின் விரிந்த குருதிக்குழாய்களைச் செரட்டோனின் ஏற்பிகள் வழியாகச் சுருக்கி, வலிநரம்புகள் அழற்சிப்பொருள் வெளியிடுவதைத் தடுக்கிறது. இதயக் குழாய்களும் சற்றே சுருங்கக்கூடும் என்பதால் மாரடைப்பு, பக்கவாதம் கண்டவர்களுக்கும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கொடுப்பதில்லை. எர்கோட்டமைன் உட்கொண்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது. மனச்சோர்வு மருந்து உண்பவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது அவசியம்.

வலி தொடங்கியவுடன் 50 அல்லது 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. தணிந்த வலி திரும்பினால் இரண்டு மணி நேரம் கழித்தே அடுத்தது. நாளுக்கு உச்சவரம்பு 200 மில்லிகிராம். முதல் மாத்திரை பலிக்காவிட்டால் அதே தாக்குதலுக்கு இரண்டாவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. நெஞ்சிலும் கழுத்திலும் இறுக்கம் தோன்றலாம்; பெரும்பாலும் விரைவில் நீங்கும், நீடித்தால் உடனடிச் சிகிச்சை தேவை. இது வலிவராமல் காக்கும் மருந்தன்று: மாதத்தில் 10 நாள் அல்லது அதற்குமேல் தொடர்ந்து பயன்படுத்தினால் மருந்தே தலைவலியை உண்டாக்கும்.