வீடு கிள்ளானில், ஓட்டு தோட்டத்தில்: முகவரியும் வாக்குரிமையும்

கோலாலம்பூர்: பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பல ஆண்டுகளாகக் குடியிருந்தும், பிறந்த தோட்டத்துத் தொகுதியிலேயே ஓட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. காரணம், மாற்றப்படாத பழைய முகவரி.

யாருக்கு உரிமை?

கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது பிரிவின்படி, 18 வயது நிறைந்த குடிமக்கள் தாங்கள் வசிக்கும் தொகுதியில் வாக்காளர் ஆகின்றனர். ஒருவருக்கு ஒரே தொகுதிதான். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வாக்களிக்க முடியாது. குடியுரிமை கிடைத்த பிறகே அந்த உரிமை வரும்.

2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. புதிய வாக்காளரின் தொகுதியை மைகார்டு முகவரியே முடிவு செய்கிறது.

இடம் மாறினால் என்ன மாறும்?

கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் இல்லை. எனவே பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டுமே. கிள்ளான்வாசிக்குச் சிலாங்கூர் சட்டமன்ற ஓட்டும் உண்டு. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலுக்குப் பிறகு, 2023 ஆகஸ்டு 12இல் அவர் மீண்டும் வாக்களித்தார். கிள்ளானில் வசித்தும் பேராக் முகவரியை மாற்றாதவருக்கு அந்தச் சிலாங்கூர் தேர்தலில் இடமில்லை.

அஞ்சல் வாக்கு கிடைக்குமா?

வேலைக்காக வேறு மாநிலத்தில் இருப்பது மட்டும் அஞ்சல் வாக்குக்குக் காரணமாகாது. ஊருக்குப் போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும். 2018இல் வாக்களிப்பு மே 9, புதன்கிழமை என அறிவிக்கப்பட்டபோது பலர் தவித்தனர். பின்னர் அன்று பொது விடுமுறை அளிக்கப்பட்டது. வெளிநாட்டில் வசிப்போர் அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 2022இல் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை.

மாற்றுவது எப்படி?

முதலில் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். வீடு மாறிய 30 நாளுக்குள் தெரிவிப்பது சட்டப்படி கடமை. பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் தொகுதி இதனால் மட்டும் மாறிவிடாது. தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் டஃப்தார்' அகப்பக்கத்திலோ அதன் அலுவலகத்திலோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தொகுதியை 'மைஎஸ்பிஆர் செமாக்' அகப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வாக்காளர் பட்டியல் அரசாங்கப் பதிவேட்டில் வெளியானதும், 1958 தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. ஆகவே, நாடாளுமன்றம் கலையும்வரை காத்திருக்காமல் இப்போதே சரிபார்ப்பது நல்லது.