துகள் பிரிப்பான்

டர்பைன் இன்ஜினுக்குள் நுழையும் காற்றிலிருந்து மணல், தூசி ஆகியவற்றைப் பிரித்து வெளியேற்றும் அமைப்பு. ஹெலிகாப்டர்களுக்கு இது இன்றியமையாதது. தரையை நெருங்கும்போது தன் சுழலிறக்கை கிளப்பும் புழுதியை ஹெலிகாப்டரே உறிஞ்ச நேர்கிறது.

வரலாறு: இக்கருவியின் மூதாதை மாவு ஆலையில் பிறந்தது. 1878 மே 2 அன்று மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் ஆலையில் மாவுத்தூசி வெடித்து 18 பேர் மாண்டனர். ஆலைத் தூசியைப் பிடிக்கும் கருவிகள் பெருகிய அக்காலத்தில், 1885இல், ஜான் ஃபின்ச் என்ற அமெரிக்கர் சூறாவளிப் பிரிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் நிலைபெற்ற அதன் வடிவம் ஒரு கூம்புக்கலம். பக்கவாட்டில் புகும் காற்று அதில் சுழலும். கனத்த துகள்கள் சுவரோரம் ஒதுங்கிக் கீழிறங்கும். தூய காற்று நடுவே மேலேறி வெளியேறும். அசையும் பாகமோ அடைத்துக்கொள்ளும் வலையோ இல்லாத இந்த எளிமை வியக்கத்தக்கது.

இதே சுழல்முறை பின்னர் ஹெலிகாப்டர்களுக்கும் தேவைப்பட்டது. வியட்நாம் போரில் ஹியூ ஹெலிகாப்டர்களின் இன்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடுகளைப் புழுதி அரித்தது. பிளேடின் முன்விளிம்பு மழுங்கும். நுனி தேய்ந்து, உறைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடும். அழுத்தம் குறைந்து, இறுதியில் காற்றோட்டமே குலையும். இந்த அனுபவத்தால், அமெரிக்கத் தரைப்படைக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் உருவாக்கிய டி700 இன்ஜினில் பிரிப்பான் உடனுறுப்பாகவே அமைந்தது. 1979இல் பிளாக் ஹாக் ஹெலிகாப்டருடன் அது பணிக்கு வந்தது.

வகைகள்: டி700இல் முகப்பிலுள்ள நிலைத்த பிளேடுகள் காற்றைச் சுழற்றிவிடுகின்றன. வெளிவிளிம்புக்கு வீசப்படும் மணலை இன்ஜினே இயக்கும் ஊதி வெளியே தள்ளுகிறது. அடுத்த பிளேடு வரிசை சுழற்சியை நேராக்கிக் கம்ப்ரசருக்கு அனுப்புகிறது. ரஷ்ய மி-17இன் முகப்பில் காளான் போல் துருத்திநிற்பதும் பிரிப்பானே. வளைந்த பாதையில் திரும்ப இயலாத தூசியை, கம்ப்ரசரிலிருந்து எடுத்த காற்றின் விசையால் இழுத்து வெளியேற்றுகிறது. சினூக் போன்றவற்றில் சிறு சுழல்குழாய்கள் பலவற்றை அடுக்கிய பலகைகளைப் பொருத்துகின்றனர். எண்ணெய் தோய்த்த துணி வடிகட்டியும் உண்டு. அது நுண்தூசியையும் பிடிக்கும். ஆனால் அடைத்துக்கொண்டு இன்ஜினை மூச்சுமுட்டச் செய்யக்கூடும்.

குறைபாடு: சுழல்முறையில் காற்றின் ஒரு பகுதியும் சிறிது திறனும் வீணாகும். சில மைக்ரான் அளவேயான நுண்தூசி காற்றோடு சேர்ந்தே வளைந்து உள்ளே சென்றுவிடும். எரியறையின் வெப்பத்தில் உருகி, டர்பைன் பிளேடுகளில் கண்ணாடிப் படலமாய் ஒட்டி, குளிர்காற்றுத் துளைகளை அடைக்கும். 2015 மே 17 அன்று ஹவாயில் தரையிறங்க முயன்ற ஆஸ்ப்ரே என்னும் சுழலிறக்கை வானூர்தி ஒன்று, புழுதியை உறிஞ்சிய இன்ஜின் திறன் இழந்ததால் விழுந்தது; மரைன் படையினர் இருவர் உயிரிழந்தனர். பிரிப்பான் பொருத்தப்பட்ட ஊர்திக்கே நேர்ந்த இக்கொடுமை, நுண்தூசியை இனியும் சிறு பொருளாகக் கருத இடமளிக்காது.

இன்றைய நிலை: டி700க்கு மாற்றாக டி901 இன்ஜின் உருவாக்கப்பட்டு வருகிறது. பிரிப்பான்களின் வடிவத்தை இப்போது கணினியில் கணித்தே திருத்துகின்றனர்.