மாதிரி வீட்டின் வாரிசு

அமெரிக்காவில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்தால், வாசலில் பலகை நடுவதற்கு முன்பே பர்னிச்சர் ஏற்றிய வேன் ஒன்று வந்து நிற்பது இன்று சாதாரணம். கூடத்துச் சுவரில் இருந்த குடும்பப் படங்கள் இறங்குகின்றன. ஃபிரிட்ஜ் கதவில் குழந்தைகள் ஒட்டிவைத்த படங்கள் போகின்றன. பீரோவில் பாதித் துணியை மூட்டை கட்டிவிடுகிறார்கள்; பிதுங்கி வழியும் பீரோ, இந்த வீட்டில் இடம் போதாது என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். வாடகைச் சோபா உள்ளே வருகிறது, சமையல் மேடையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் ஏறுகிறது. ஹோம் ஸ்டேஜிங் என்று அமெரிக்காவிலும், ப்ராபர்ட்டி ஸ்டைலிங் என்று ஆஸ்திரேலியாவிலும் வழங்கும் இந்தத் தொழிலின் கதையை வழக்கமாக 1972-இல்தான் தொடங்குவார்கள். சியாட்டில் பக்கத்தில் வீடு விற்றுக்கொண்டிருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ், நாடக மேடையில் கற்றதை வீட்டுக்குள் கொண்டுவந்தார் என்பது அந்தக் கதை. தொழிலுக்குப் பெயரும் பயிற்சியும் அவரால் வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலையின் சாரத்தைப் பார்த்தால் அது மேடையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை; வீடு கட்டி விற்பவர்களின் மாதிரி வீட்டிலிருந்து வந்திருக்கிறது. யாரும் குடியேறாத அந்தப் புது வீட்டோடு போட்டி போட, குடியிருந்த வீடு போட்டுக்கொண்ட வேடம்தான் ஸ்டேஜிங்.

அதற்கான தடயங்கள் 1972-க்கு அரை நூற்றாண்டு முன்பே கிடைக்கின்றன. 1922-இல் 'டெலினியேட்டர்' என்ற பெண்கள் இதழின் ஆசிரியர் மேரி மெலனி, 'பெட்டர் ஹோம்ஸ் இன் அமெரிக்கா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது வணிகத்துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் அதற்குத் துணை நின்றார். ஊர்தோறும் உள்ளூர்க் குழுக்கள் ஒரு வீட்டை எடுத்து, திரைச்சீலை முதல் சமையல் பாத்திரம் வரை அமைத்து, ஆண்டுக்கு ஒரு வாரம் மக்களுக்குத் திறந்துவிட்டன. 1923-இல் வாஷிங்டனிலேயே அப்படி ஒரு வீடு எழும்பியது; ஜனாதிபதி ஹார்டிங் அதைத் திறந்துவைத்தார். நோக்கம் விற்பனை அல்ல, நல்ல இல்லம் எப்படி இருக்கவேண்டும் என்று பாடம் நடத்துவது. ஆனாலும் அந்த வாரங்களில் மக்கள் ஒரு புதுப் பழக்கத்தைக் கற்றார்கள். மேஜை விரித்திருக்கும், படுக்கை போட்டிருக்கும், சாப்பிட்டவரோ படுத்தவரோ இருக்கமாட்டார்கள். அந்த வீட்டில் தங்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பாடம் வியாபாரமாயிற்று. லாங் ஐலண்டில் லெவிட் குடும்பம் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1949-இல் 7,990 டாலர் விலையில் வந்த புதிய வகையின் அலங்கரித்த மாதிரி வீட்டைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. 1950 மாடலில் தொலைக்காட்சிப் பெட்டியையே சுவரோடு பதித்துக் கொடுத்தார்கள். 1959-இல் மாஸ்கோ கண்காட்சிக்கு அமெரிக்கா அனுப்பியதும் இப்படியொரு மாதிரி வீடுதான். கூட்டம் நடந்துபோக வசதியாக நடுவில் பிளந்து வழி விட்டிருந்தார்கள். உள்ளே மேசிஸ் கடையின் பர்னிச்சர். அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் சமையலறை முன் நின்று வாதிட்டது அந்தக் கண்காட்சியில்தான். இதற்கெல்லாம் அடியில் ஓடியது கடன். 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுக்கடன் காப்பீடும், 1944-இல் போர்வீரர்களுக்காக வந்த சட்டமும், கையில் கொஞ்சமே பணம் வைத்திருந்தவரையும் நீண்டகாலத் தவணையில் வீடு வாங்க வைத்தன. வாங்குவது எளிதாக, விற்றுவிட்டு அடுத்ததற்கு மாறுவதும் எளிதானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், மாலையில் ஒருவர் இருபது வருஷம் வாழ்ந்த வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே தொங்கிய சட்டையும் சுவரில் இருந்த தாத்தா படமும் அவர் கண்ணில் குறையாகப் பட்டன. அந்தக் குறையைத் துடைக்கத்தான் ஒரு தொழில் தேவைப்பட்டது.

விற்கும் பொருளைச் சீராக்கிக் காட்டுவது உலக வழக்கம்தானே, மாட்டைக் கழுவிப் பொட்டு வைத்துச் சந்தைக்கு ஓட்டுவதில்லையா என்று கேட்கலாம். உண்மைதான். சுண்ணாம்பு அடிப்பதும் ஒழுகலை அடைப்பதும் எந்தக் காலத்திலும் இருந்தவை. ஆனால் மாட்டைக் கழுவுகிறவர் அது யார் வீட்டு மாடு என்பதை மறைப்பதில்லை. ஸ்டேஜிங்கின் முதல் விதியே உடையவரை அப்புறப்படுத்துவதுதான். படம், பட்டம், சாமி விக்கிரகம், சமையல் வாசனை எல்லாம் போய், யாருடைய வீடும் அல்லாத வீடு மிஞ்சவேண்டும்.

அந்த 'யாரும் அல்லாதவர்' உண்மையில் யார் என்பதில்தான் எனக்குச் சங்கடம். லெவிட்டின் ஆரம்பகால ஒப்பந்தங்கள் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்றே எழுதியிருந்தன. மாதிரி வீட்டின் காலி நாற்காலியில் யார் உட்காரவேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை மதிப்பீட்டாளர் ஒருவர் சுமார் 9,95,000 டாலர் என்று மதித்தார். தங்கள் படங்களை அகற்றி, வெள்ளை இனத் தோழி ஒருவரை உரிமையாளர்போல நிற்கவைத்து வேறொருவரை அழைத்தபோது, அதே வீட்டின் மதிப்பு சுமார் 14,80,000 டாலர். அது மறுகடனுக்கான மதிப்பீடு, விற்பனை அல்ல என்பது சரியான மறுப்பு. ஆனாலும் அவர்கள் செய்தது ஸ்டேஜிங் நிபுணர் தினமும் சொல்லும் வேலையைத்தான். பொதுவான வீடு என்று சந்தை எதைக் கருதுகிறது என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிட்டன.

பலன் இல்லாமலா இத்தனை பேர் காசு செலவழிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. தேசிய வீட்டுத் தரகர் சங்கத்தின் ஆய்வுகள் பலன் உண்டு என்கின்றன. ஆனால் அவை கேட்பது தரகர்களை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு ஒரே வீட்டின் சுவர் நிறத்தையும் பர்னிச்சரையும் மாற்றி மாற்றிப் படம்பிடித்து வாங்குபவர்களிடமே காட்டியது. அவர்கள் தரத் தயாராயிருந்த விலை பெரிதாக அசையவில்லை. வாழ வசதியான வீடு என்ற எண்ணம் மட்டும் கூடியது. மற்றவர்கள் அதிகம் தருவார்கள் என்றும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஊட்டியதில் தொலைக்காட்சிக்குப் பங்குண்டு. பிரிட்டனில் 1998-இல் கலிஃபோர்னியாக்காரர் ஆன் மாரிஸ் நடத்திய 'ஹவுஸ் டாக்டர்', அமெரிக்காவில் 2004-இல் வந்த, 2,000 டாலருக்குள் வீட்டை மாற்றிக்காட்டும் 'டிசைன்ட் டு செல்' போன்றவை, தன் வீட்டையே அந்நியன் கண்ணால் பார்க்க உடையவருக்குப் பயிற்சி கொடுத்தன.

இது ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. சோபா விலையில் சேராது என்று வாங்குபவருக்குத் தெரியும். விரிசலை மறைத்தால்தான் குற்றம். இப்போது வேனும் வேண்டியதில்லை, காலி அறையின் படத்தில் கணினியே பர்னிச்சர் போட்டுவிடுகிறது. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் அப்படித் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட்டு, திருத்தாத படத்தையும் பார்க்க வழிசெய்யவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. வேனில் வந்த சோபாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சுவரிலிருந்து இறங்கிய குடும்பப் படத்துக்கும்தான்.