மாறுகட்டணத் தடம்

நெடுஞ்சாலையில் பலர் சேர்ந்து வரும் வண்டிகளுக்கென ஒதுக்கிய தடத்தை, தனியாக வருபவரும் பணம் கட்டிப் பயன்படுத்தும்படி திறந்துவிடும் ஏற்பாடே மாறுகட்டணத் தடம். தடத்தில் வண்டிகள் பெருகினால் கட்டணம் ஏறும், குறைந்தால் இறங்கும். கூட்டாக வரும் காருக்கும் பேருந்துக்கும் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் இத்தகைய தடம் இல்லை. ஆனால் சென்னை–பெங்களூரு சாலையின் வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் பகுதியில், கம்பெனி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குக் கூட்டமாகப் போய்வருவது அன்றாட வழக்கம். இந்த ஏற்பாட்டின் அடிப்படை நியாயத்தை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது.

கூட்டுப்பயணத் தடம் மாறுகட்டணத் தடமானதற்கு முன்னோடி, அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள இன்டர்ஸ்டேட் 15. அங்கே 1988இல் திறந்த சுமார் 13 கி.மீ. கூட்டுப்பயணத் தடங்களில் இடம் மிஞ்சிக் கிடந்தது. பக்கத்துத் தடங்களில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. 1996 டிசம்பரில் தனியாக ஓட்டிவருபவர்களுக்கு மாத அனுமதி விற்கத் தொடங்கினார்கள். 1998இல் பயணத்துக்குப் பயணம் கட்டணம் என்று மாற்றி, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தினார்கள். நுழைவிடத்துப் பலகையில் அப்போதைய கட்டணம் தெரியும். வேண்டாதவர் பொதுத்தடத்திலேயே போகலாம். வருமானத்தில் ஒரு பங்கு அதே வழியில் பேருந்து விடச் செலவானது. இந்தக் கடைசிச் செய்திதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று சொல்ல வேண்டும்.

கட்டணம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது வேகம். நெரிசல் நேரத்தின் 100க்கு 90 பங்காவது மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கி.மீ. வேகம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வகுத்த அளவுகோல்.

மாற்றம் எங்கும் சுமுகமாக நடக்கவில்லை. அட்லாண்டாவின் இன்டர்ஸ்டேட் 85இல், 2011 அக்டோபர் வரை இருவர் சேர்ந்து வந்தாலே கூட்டுப்பயணத் தடத்தில் போகலாம். மாற்றிய பின் மூவர் இருந்தால்தான் இலவசம். முன்பு சும்மா போய்வந்த இருவர் பணம் கட்ட நேர்ந்ததும் கொதிப்பு எழுந்தது. மாநில ஆளுநரே தலையிட்டுக் கட்டணத்தைக் குறைக்க வைத்தார்.

தமிழர் அன்றாடம் புழங்கும் சிங்கப்பூரின் அனுபவம் இன்னும் பழையது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம் வந்தது. நால்வரோ அதற்கு மேலோ இருந்தால் விலக்கு. கட்டணத்தைத் தவிர்க்க, ஓட்டுநர்கள் பேருந்து நிறுத்தங்களில் காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டார்கள். பேருந்தில் போகவேண்டியவர்கள் காருக்கு மாறினார்கள். 1989இல் விலக்கு நீக்கப்பட்டது. 1998இல் வந்த மின்னணுக் கட்டண முறையில் விகிதம் நேரத்துக்கேற்ப மாறுகிறது. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கி.மீ. வேகத்தைக் காப்பது அதன் இலக்கு.

வேலூர் பகுதிச் சாலையான தேசிய நெடுஞ்சாலை 48இல் ஆம்பூருக்குக் கிழக்கே பள்ளிகொண்டா, மேற்கே வாணியம்பாடி ஆகிய சுங்கச்சாவடிகள் உள்ளன. 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி வண்டியின் வகையும் சாலையின் நீளமும் கணக்கில் வருகின்றன. நேரமோ நெரிசலோ உள்ளிருப்போர் எண்ணிக்கையோ வருவதில்லை. 2007–08 அடிப்படை விகிதம் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, பேருந்துக்கும் லாரிக்கும் 2.20 ரூபாய், ஆண்டுதோறும் ஏப்ரலில் உயர்கிறது. ஐம்பது பேர் வரும் பஸ்ஸில் ஆளுக்கு 4.4 காசுதான் என்றாலும், ஒருவர் மட்டும் வரும் காரைப்போல மூன்று மடங்குக்கு மேல் அந்த பஸ் கட்டுகிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கும் ஆண்டு பாஸ் வந்தது. அதுவும் சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே. காலை ஷிப்ட்டுக்குத் தொழிலாளரை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. சாலையில் குறைந்த இடத்தை அடைத்து நிறையப் பேரைக் கொண்டுசெல்லும் வண்டிக்கே சலுகை முதலில் போயிருக்க வேண்டும்.

சாவடியைக் கடக்கும் வண்டி மட்டும் கட்டணம் செலுத்துவதால், இரண்டு சாவடிகளுக்கு இடையே ஓடும் உள்ளூர் வண்டிகள் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே இங்கே மாறுகட்டணம் கொண்டுவருவதானால், தடத்தின் நுழைவுகளில் நிற்காமலே கழித்துக்கொள்ளும் கருவி வேண்டும். அதற்கு உதவும் ஃபாஸ்டேக் மின்னணு வில்லை 2021 பிப்ரவரியில் கட்டாயமானது. இதே 48ஆம் எண் நெடுஞ்சாலையில், குஜராத்தின் சோர்யாசியில், தடுப்புக் கம்பமில்லாத சுங்க வசூலுக்கு 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேலே பொருத்திய கேமராவும் ஸ்கேனரும் ஃபாஸ்டேக்கையும் எண்பலகையையும் படிக்கும் முறை அது. காருக்குள் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் கடினம். அமெரிக்காவிலும் ஏமாற்றுவோரைப் பிடிப்பது தீராத தலைவலி. பேருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. வண்டியின் வகை ஃபாஸ்டேக்கிலேயே பதிவாகியிருப்பதால், கம்பெனி பஸ்ஸுக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு தர, விதியில் ஒரு திருத்தம் போதும்.