தூசி தட்டிய கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகளை எழுதும் ஓய்" என்றுதான் சொன்னார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் நம்ம கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, 1979-ல் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, முப்பத்து நாலு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன். எனக்கு நல்லாத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது தூசி. ஆகவே தூசியைப் பற்றி எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் படிக்க வேண்டும்.

காற்றிலிருந்து தூசியைப் பிரிப்பது ஒரு வேலை. பிரித்த தூசியை வடிகட்டியிலிருந்து தட்டி எடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைத் துணி செய்துவிடும். இரண்டாவது வேலையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

களத்து மேட்டில்

நாஞ்சில் நாட்டுக்காரனுக்குத் தூசியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கன்னிப்பூ அறுவடை முடிந்து சூடடித்த பிறகு, களத்தில் நெல் தூற்றுவதைச் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசுகிற காற்றை நம்பித்தான் அந்த வேலை நடக்கும். சுளகில் அள்ளி உயரத் தூக்கிச் சரித்தால் நெல்மணி காலடியில் விழும். பதரும் தூசியும் பறந்து அப்பால் போகும். தூற்றுகிறவர் எப்போதும் காற்றின் போக்குக்கு எதிரே முகம் வைக்கமாட்டார். தூசி எந்தப் பக்கம் போகிறது, மனுஷன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதான் அங்கே கணக்கு. இந்தக் கணக்கைத் தொழிற்சாலை கற்றுக்கொள்ள நூறு வருஷத்துக்கும் மேலே ஆயிற்று.

பொருளைக் காக்க வந்த பை

தொழிற்சாலைத் தூசி வடிகட்டி, தொழிலாளியின் நெஞ்சைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது என்று நாம் நினைத்தால் தப்பு. அது சரக்கைக் காப்பாற்றப் பிறந்தது. 1850-களில் அமெரிக்காவில் துத்தநாகத்தை எரித்து, வெள்ளைப் பெயிண்டுக்கு வேண்டிய துத்தநாக ஆக்ஸைடு தயாரித்தார்கள். அந்தச் சரக்கே புகையாகத்தான் வரும். விட்டுவிட்டால் காசு காற்றோடு போய்விடும். எனவே புகையைப் பெரிய துணிப் பைகளுக்குள் செலுத்திப் பிடித்தார்கள். நாள் முடிவில் ஆட்கள் பையை உலுக்கினார்கள்; வெள்ளைத் தூள் கீழே விழுந்தது.

தூசிக்குள் பணம் இருக்கும் என்பதற்கு நம்ம ஊர்க் கதையே உண்டு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் தொழிற்சாலை வந்தது அதன் பிறகுதான். நாரிலிருந்து உதறிய தூசியில் ஒரு தொழிலே உட்கார்ந்திருந்தது, பாருங்கள்!

அடுத்த காரணம் நெருப்பு. 1878 மே 2-ம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவு மில் வெடித்துச் சிதறியது. 18 பேர் இறந்தார்கள். வெடித்தது மருந்தல்ல, காற்றில் மிதந்த கோதுமை மாவுத் தூசி. அதன் பிறகு மாவு மில்காரர்கள் தூசி பிடிக்கும் எந்திரங்களைத் தேடி ஓடினார்கள். சரக்குக்காக ஒன்று, கட்டடத்துக்காக ஒன்று. நெஞ்சுக்காக வந்தது கடைசியில்தான்.

உலுக்கலும் ஊதலும்

பையைக் கையால் உலுக்குவதிலும் கம்பால் தட்டுவதிலும் இரண்டு சங்கடம். ஒன்று, எந்திரத்தை நிறுத்த வேண்டும். மற்றொன்று, தட்டுகிற ஆள் அந்தத் தூசியிலேயே நிற்க வேண்டும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் லூபெக் நகரில் பெத் என்பவரின் தொழிற்சாலை, பைகளைத் தானாகவே உலுக்குகிற வடிகட்டிகளைச் செய்து விற்றது. பைகளின் மேல்முனைகள் ஒரு சட்டத்தில் தொங்கும். அந்தப் பகுதிக்குப் போகிற காற்றைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு, சட்டத்தை எந்திரம் குலுக்கும். தூசி கீழே உள்ள கூம்புத் தொட்டியில் விழும். களத்து மேட்டுச் சாக்கை இரண்டு பேர் பிடித்து உதறுகிற அதே வேலைதான்.

ஆனால் உலுக்க உலுக்கத் துணி கிழியும். கண்ணாடி நார்த் துணிக்கு அது ஆகவே ஆகாது. அதற்காக வந்தது எதிர்க்காற்று முறை. ஒரு பகுதியை அடைத்துவிட்டு, சுத்தக் காற்றை எதிர்த்திசையில் மெதுவாக விட்டால் பை உள்ளே சுருங்கும். உட்புறம் படிந்த தூசி அப்பளம்போல் உடைந்து விழும். பை முழுக்க ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையிடையே வளையம் தைத்திருப்பார்கள்.

மூன்றாவது முறை 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்தது. இதில் பையைக் கம்பிக் கூண்டின் மேல் உறைபோல் மாட்டியிருப்பார்கள். தூசி வெளிப்புறம் படியும். மேலேயிருந்து அழுத்தக் காற்றை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் 'டப்' என்று விட்டால், அந்த அதிர்வு பை நெடுகிலும் ஓடி, துணியைச் சட்டென்று உப்பவைத்துத் தூசியைக் கழற்றிவிடும். எந்திரத்தை நிறுத்த வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகலாம். இதைப் பல்ஸ் ஜெட் என்கிறோம். இன்று சிமெண்ட் ஆலைக்குள் போனால் நிமிஷத்துக்கு நாலு தடவை கேட்கிற 'டப்' சத்தம் இதுதான்.

பஞ்சுத் தூசியின் குணம்

பஞ்சு மில்லுக்கு இவை அப்படியே ஒத்துவரவில்லை. சிமெண்ட் தூசி பொடி, தட்டினால் விழும். பஞ்சுத் தூசி நாரோடு பின்னிக்கொண்டு ஜமுக்காளம்போல் படியும். தட்டினால் பாதி விழும், பாதி தொங்கும்.

நம்ம பக்கத்தில் மில் என்பது 1880-களிலேயே வந்துவிட்டது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையைக் கொண்டு ஆலை ஓட்டினார்கள். அந்தக் காலத்து மில்களில் பொதுவாகப் புளோரூமின் தூசிக் காற்றைத் தரைக்கடியில் உள்ள ஓர் அறைக்குத் தள்ளிவிடுவார்கள். டஸ்ட் செல்லார் என்று பெயர். கனமான பஞ்சு அங்கே படியும். மிச்சம் ஒரு கூண்டு வழியாக ஆகாயத்துக்குப் போகும். அறை நிறைந்தால் ஆட்கள் இறங்கி அள்ளுவார்கள்.

நான் சேர்ந்த ஆலையிலும் செல்லார் இருந்தது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். கார்டிங் பக்கத்தில் மட்டும் துணிப் பைகள் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை மில் நின்றதும், எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி தோளில் கிடக்கிற துவர்த்தை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு ஆட்களோடு உள்ளே போவார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது புருவமும் மீசையும் வெள்ளை வெளேரென்று இருக்கும். "தாத்தா வேஷம் கட்டியாச்சு" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

நான் படித்தவன் அல்லவா! சேர்ந்த மூன்றாம் மாதம், கம்ப்ரசர் ஹோஸைக் கொண்டுவந்து எல்லாப் பைகளையும் புதுத் துணிபோல் ஊதிச் சுத்தம் பண்ணிவிட்டேன். மறுநாள் எந்திரம் ஓடத் தொடங்கியதும் பைக்குள் போன தூசியெல்லாம் துணி வழியாகவே வெளியே புகைந்தது. டிபார்ட்மெண்டே மார்கழிப் பனிபோல் ஆகிவிட்டது. அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து, "தம்பி, புதுப்பானை கசியத்தானே செய்யும்? துணியிலே கொஞ்சம் தூசி இருந்தாத்தான் தூசி நிக்கும், கேட்டியளா?" என்றார்.

பின்னால் புத்தகத்தில் படித்தபோதுதான் அவர் சொன்னது அப்படியே அறிவியல் என்று தெரிந்தது. வடிகட்டுவது துணி மட்டுமல்ல. துணிமேல் படிந்த தூசிப் படலமும்தான். படலம் அதிகமானால் காற்று போகாது, குறைந்தால் தூசி நிற்காது. பைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்து, இத்தனை மில்லிமீட்டர் நீர் உயரம் வந்ததும் தட்டு, இத்தனைக்கு இறங்கினால் நிறுத்து என்று வைத்துக்கொள்வார்கள். அளக்கிற கருவி வேறொன்றுமில்லை. நம்ம பௌதிக லேபில் மார்க்குக்காகப் பிடித்துப் பார்த்த அதே யூ-குழாய். லேபில் அதன் அருமை தெரியவில்லை!

1990-களில் எங்கள் ஆலையிலும் டிரம் ஃபில்டர் வந்தது. முதலில் ஒரு கம்பிவலைத் தட்டு நாரைப் பிடிக்கும். அடுத்து, ஃபெல்ட் போர்த்திய பெரிய உருளையில் நுண்ணிய தூசி படியும். உருளை சுற்ற, அதன்மேல் உறிஞ்சுகுழல்கள் இப்படியும் அப்படியும் நகர்ந்து, படிந்த படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுக்கும். தட்டுவதுமில்லை, உலுக்குவதுமில்லை. யாரும் துவர்த்தைக் கட்ட வேண்டாம். அன்று அதன் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். அண்ணாச்சி அப்போது இல்லை.

நான் எழுதிய ஒரு சொல்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அண்ணாச்சிக்கு வாரத்தில் முதல் நாள் ஷிப்டு ஆரம்பித்தால் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். புதன், வியாழன் ஆனால் சரியாகிவிடும். "ஞாயித்துக்கிழமை கறி தின்னது செமிக்கலே" என்று நாங்கள் கேலி செய்வோம். சில வருஷத்தில் எல்லா நாளும் அப்படியே ஆயிற்று.

இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, சணல் சீவுகிறவர்களின் இருமலைப் பற்றி 1700-லேயே எழுதியிருக்கிறார். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் டாக்டர் ஷில்லிங் இதை ஆராய்ந்து, வார முதல்நாள் நெஞ்சிறுக்கத்தை வைத்தே நோயைப் படிப்படியாக வகைப்படுத்தினார். இதன் பெயர் பிஸினோஸிஸ். பஞ்சோடு வருகிற இலைத் துணுக்கிலும் காயின் புல்லித் துணுக்கிலும் உள்ள பாக்டீரியா நஞ்சு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். 1978-ல் அமெரிக்க அரசு, நூற்பு வேலை நடக்கிற இடத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாதென்று விதித்தது. நம் நாட்டிலும் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், தூசி கிளம்புகிற இடத்துக்கு அருகிலேயே அதை உறிஞ்ச வேண்டும் என்று 14-ம் பிரிவில் சொல்லியிருந்தது. பிஸினோஸிஸ், நஷ்டஈடு தரவேண்டிய தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம் பெற்றிருந்தது.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அண்ணாச்சி அடிக்கடி லீவு எடுத்தபோது, லீவுப் பதிவேட்டில் காரணம் எழுதியவன் நான். "ஆஸ்துமா" என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அதையே எழுதினேன். 1988-ல் அவர் வேலையை விட்டு நின்றபோது அந்தப் பதிவேடுதான் சாட்சி. வீட்டு நோய் என்று ஆயிற்று. மில் நோய் என்று ஆகவில்லை. ஒரு பைசா நஷ்டஈடு கிடைக்கவில்லை. 1994-ல் காலமானார். அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

இந்நாள் மாணவர்களுக்கு

உலுக்கினார்கள், ஊதினார்கள், உறிஞ்சினார்கள். ஒவ்வொரு படியிலும் மனுஷன் தூசியை விட்டு ஓரடி தள்ளி நின்றான். ஆனால் கதை முடியவில்லை. பல்ஸ் ஜெட் வைத்தாலும் கிழிந்த பையை மாற்ற ஓர் ஆள் உள்ளே போக வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் கம்பை விட்டுக் குத்த வேண்டும். பெரும்பாலும் அவர் நிரந்தரத் தொழிலாளி அல்ல; காண்ட்ராக்ட் ஆள். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

உங்களில் பலர் என்ஜினியராகவும் சூப்பர்வைசராகவும் போவீர்கள். புதிதாக ஒரு வடிகட்டியைக் காட்டி, இது இத்தனை சதவீதம் சுத்தம் செய்யும் என்று விற்பனைக்காரர் சொல்லுவார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "இதன் கதவை யார் திறப்பார்? திறக்கும்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். களத்து மேட்டில் நம்ம பாட்டனுக்குத் தெரிந்த கேள்விதான். பதிவேட்டில் ஒரு சொல் எழுதும் முன், அந்தச் சொல் சரியா என்று மருத்துவரிடமும் கேளுங்கள்.

நம்ம கல்லூரி எனக்கு யூ-குழாயைக் காட்டியது. அதில் என்ன அளக்க வேண்டும் என்பதை ஒரு மேஸ்திரி காட்டினார். இருவருக்கும் என் வணக்கம்.