பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை

1788இல் தாமஸ் பாரி சென்னையில் வந்து இறங்கியபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை மீறிப் போய்ச் சரக்கையும் ஆளையும் கொண்டுவரும். அந்தப் படகை வலித்த கரையோர மக்களின் கைகளைத் தாண்டாமல் எந்த வியாபாரியின் மூட்டையும் இந்த ஊருக்குள் வந்ததில்லை. வடசென்னையின் வணிக வரலாற்றை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாரி வேல்ஸ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இருபது வயது இளைஞர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளக்காரர் அல்லர். தனி வியாபாரியாகப் பதிந்துகொண்டவர். அவர் தொடங்கியது போன்ற அக்காலத்து ஏஜென்சி ஹவுஸ்கள் ஏற்றுமதி இறக்குமதியோடு நின்றுவிடவில்லை. துணியும் அவுரியும் வெளியே போயின. மதுவும் சீமைச் சாமான்களும் உள்ளே வந்தன. கூடவே கப்பல் ஏஜென்சி, இன்சூரன்ஸ், பிறர் பணத்தை வாங்கி வட்டிக்கு விடுதல் எல்லாம் ஒரே கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் ஏறின. கறுப்பர் நகரத்தின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட கல்தூண்களில் மிஞ்சியிருக்கும் ஒன்று, பாரியின் கம்பெனி இடம்பிடித்த முனையில் இன்றும் நிற்கிறது. 1819இல் ஜான் வில்லியம் டேர் அந்தக் கம்பெனியில் வந்து சேர்ந்தார். 1824இல் பாரி காலராவில் இறந்தார். டேர் பெயரால் கம்பெனிக் கட்டடம் டேர் ஹவுஸ்; பாரி பெயரால் பாரிமுனை.

வாங்கி விற்பதோடு நின்றிருந்தால் இந்த நிறுவனமும் பல ஏஜென்சி ஹவுஸ்களைப் போல மறைந்திருக்கும் என்பது என் கணிப்பு. 1842இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. பின்னி கம்பெனியும் ஆட்டம் கண்டது. அதே ஆண்டில்தான் பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு பிள்ளைகள் கேட்டு வாங்கிய பாரி மிட்டாயும், வீடுகளுக்குப் பாரிவேர் பீங்கானும் வந்தன. 1963இல் எண்ணூரில் உர ஆலை எழுந்தது.

இதற்குள் இன்னொரு கடல்வழிக் குடும்பம் வடசென்னைக்கு வந்துவிட்டிருந்தது. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவின் மோல்மீனில் லேவாதேவித் தொழில் தொடங்கியவர். அவரைப் போன்ற நகரத்தார் அன்று ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எனத் துறைமுகம் துறைமுகமாகப் பரவியிருந்தார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடல்கடந்து வந்த சீன வணிகர்களுக்கும் அவர்களே முதல் கொடுத்தார்கள். ஈய வியாபாரத்துக்கும் கடைச்சரக்குக்கும் வேண்டிய பணத்தை, பாங்கின் படியேற முடியாத சீன முதலாளி, கிட்டங்கியில் பாயில் உட்கார்ந்திருந்த செட்டியாரிடம் வாங்கினார். இரண்டு புலம்பெயர்ந்த சமூகங்கள் ஒன்றையொன்று தாங்கிய அந்த உறவைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. ஜப்பானியப் படையெடுப்புக்கு முன்பே முருகப்பா குடும்பம் முதலைத் தாயகத்துக்குத் திருப்பியது. அதில் ஒரு பங்கு திருவொற்றியூரில் உப்புத்தாளும் சாணைச் சக்கரமுமாக மாறியது. அஜாக்ஸ் ஆலையின் பெயர் பேருந்து நிலையத்துக்கே ஒட்டிக்கொண்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டுடன் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் உருவானது.

இ.ஐ.டி. பாரி என்ற பெயரில் நலிந்துபோயிருந்த பாரி கம்பெனியை 1981இல் முருகப்பா குழுமம் ஏற்றது. வேல்ஸிலிருந்து வந்தவர் தொடங்கியதும், மோல்மீனுக்குப் போய்த் திரும்பியவர்கள் வளர்த்ததும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2003இல் பாரியின் உரத் தொழில் குழுமத்தின் கோரமண்டல் நிறுவனத்தோடு இணைந்தது.

இது விழா மலர் என்பதற்காக அடுத்ததை விட்டுவிட முடியாது. எண்ணூர் உர ஆலைக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வருகிறது. கடலுக்கடியில் போட்ட குழாய் வழியே கரையேறுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, கைக்குழந்தைகளோடு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கழிமுகத்தில் பரவி வலையும் படகும் பாழாகி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஊர் திரண்டு ஆலை வாசலில் உட்கார்ந்தது, ஆலை நிறுத்தப்பட்டது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது.

இந்த நிறுவனத்தின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் டேர் ஹவுஸ் மாடியில் இருந்து மட்டும் எழுதக் கூடாது. திருவொற்றியூர் ஆலைகளில் ஷிப்டு பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குழாய் எந்த இடத்தில் கரையேறுகிறது என்பதைக் குப்பத்துப் பெரியவர்கள் வரைபடம் இல்லாமலே சொல்வார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே பதிவுசெய்து, பேர் போட்டு, அடுத்த மலரில் அச்சிட வேண்டும்.